திங்கட்கிழமையே தெரியும்

குழாயில் தண்ணீர் நின்றபோது எஃபி மெக்நீல் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தாள். பேத்தியின் துணிகள் தொட்டியில் பாதி அலசியும் அலசாமலும் கிடந்தன. குழாய் இரண்டு மூன்று தடவை இருமியது. துருநிறத்தில் ஒரு வாய் துப்பியது. அதன்பிறகு எவ்வளவு திருகினாலும் காற்றுத்தான் வந்தது.

"சவமே" என்று குழாயின் தலையில் ஓர் அடி கொடுத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அங்கே வரிசை முழுக்க எல்லா வீட்டுப் பெண்களும் அவளைப்போலவே ஈரக்கையோடு வெளியே வந்து நின்றிருந்தார்கள். புதன்கிழமை. கடலிலிருந்து எழுந்த மூடுபனி சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. கோபுரத்துச் சக்கரம் மார்ச் மாதத்திலிருந்து சுற்றவில்லை.

"பம்பு கெட்டுப்போச்சாம்" என்றாள் அடுத்த வீட்டுப் பெக்கி. "கம்பெனி ஆபீஸ் வாசல்ல எழுதிப் போட்டிருக்கான்."

"பம்பு கெட்டா விளக்கு ஏன்ட்டி அணையுது? காலையிலேருந்து கரண்டும் இல்ல."

"அதுவும் சேந்து கெட்டுப்போச்சாம்."

"ஆமா. நாலு மாசமா நல்லாருந்த பம்பு, கடையில கடன நிறுத்தியும் இவனுவ வேலைக்கு வரலியேன்னு பாத்துட்டுக் கெட்டுப்போச்சு."

பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்களால் சிரிக்க முடிந்தது.

கார்மிக் ஹெட்டில் எல்லாமே கம்பெனியுடையதுதான். இரண்டு குடும்பத்துக்கு ஒரு கூரை என்று கட்டிவிட்ட வீடு, வீட்டுக்குள் வரும் தண்ணீர், விளக்கு, மாவும் சர்க்கரைப்பாகும் வாங்கும் கடை, காய்ச்சலுக்கு வரும் டாக்டர் எல்லாம். சுரங்கம் கடலுக்கடியில் போகிறது. கடல் மட்டும்தான் கம்பெனிக்குச் சொந்தமில்லை என்று ஆண்கள் சொல்வார்கள். கூலியை மூன்றாவது தடவையாகக் குறைத்தபோது ஆண்கள் கருவிகளை மேலே கொண்டுவந்து வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். அதன்பிறகு உருளைக்கிழங்கும் உப்பு மீனும்தான். உருளைக்கிழங்கு தீர்ந்த வீடுகளில் ஓட்ஸ் கஞ்சி. எஃபியின் புருஷன் லாக்கி தினமும் கடலோரத்துப் பாறை இடுக்குகளில் தலைநீட்டும் நிலக்கரியைக் கொத்திச் சாக்கில் சுமந்து வந்தான். அதனால் அடுப்பு எரிந்தது.

"உன் தம்பிக்கு ஒரு தந்தி அடியேன் எஃபி" என்றாள் பெக்கி. "ஊரு உலகத்துல எவளுக்கு வாய்க்கும்? மந்திரி. அதுலயும் சுரங்க மந்திரி."

"அடிக்கத்தான் போறேன்" என்றாள் எஃபி.

அடித்தாள். மறுநாள் பதில் வந்தது. 'கவனித்து வருகிறேன். பொறுமை. முர்டோ.'

முர்டோ கில்லிஸை எஃபிதான் வளர்த்தாள். அம்மா காசநோயில் போனபோது அவளுக்குப் பதினான்கு, அவனுக்கு ஆறு. பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டில் காற்றுக் கதவுகளைத் திறந்து மூடும் வேலைக்குப் போனான். கரிவண்டி ஒன்று அவன் விலாவை நசுக்கியது. படுக்கையில் கிடந்தவனுக்குப் பங்குச் சாமியார் லத்தீன் சொல்லிக்கொடுக்க, அவன் அதைப் பாலைக் குடிப்பதுபோலக் குடித்தான். கல்லூரி, அப்புறம் தலைநகர் ஹாலிஃபாக்ஸில் சட்டம். ஊருக்குத் திரும்பி முடிவெட்டுகிற கடை மாடியில் வக்கீல் பலகை மாட்டிய வருஷமே மூன்றாம் நம்பர் சுரங்கம் வெடித்தது. செத்தவர்கள் தீக்குச்சி கொண்டுபோனார்கள், தப்பு அவர்களுடையதுதான் என்றது கம்பெனி. முர்டோ அந்த விதவைகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றி, புருஷன்மார் புகையிலையை மெல்லுகிறவர்களா புகைக்கிறவர்களா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டான். எல்லாரும் மெல்லுகிறவர்கள். மெல்லுகிறவனுக்குத் தீக்குச்சி எதற்கு? நஷ்டஈடு கிடைத்தது. அடுத்த தேர்தலில் ஊர் அவனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

முதல் தவணையில் அவன் எழுந்து பேசினால் கம்பெனிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்பார்கள். இரண்டாம் தவணையில் பேச்சு மழுங்கியது. மூன்றாம் தவணையில் ஆளுங்கட்சி அவனை உள்ளே கூப்பிட்டு மந்திரியாக்கியது. "வெளியே நின்னு கத்துறதவிட உள்ள இருந்தா நாலு காரியம் ஆவும் அக்கா" என்றான். எஃபி நம்பினாள். அப்போது யார்தான் நம்பவில்லை?

தண்ணீருக்கு இப்போது ஓடைதான். சுரங்கக் குதிரைகளின் லாயத்தைத் தாண்டி வருகிற ஓடை. பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, லாயத்துக்கு மேலே நீர் தெளிவாக இருக்கும் இடத்தில் மொள்ளப் போனார்கள். குதிரைமேல் உட்கார்ந்திருந்த கம்பெனிப் போலீஸ்காரன், இது கம்பெனி நிலம் என்று கீழே விரட்டினான்.

"கீழ சாணியால்லா ஓடுது" என்றாள் எஃபி.

"காய்ச்சிக் குடி."

"நீ குடிப்பியாலே? உன் பிள்ளைக்குக் குடுப்பியா?"

அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டான். வெளியூர்க்காரன். துறைமுகத்தில் வேலையற்று நின்றவர்களைத் திரட்டி ஆளுக்கொரு தடியும் தொப்பியும் கொடுத்திருந்தார்கள்.

காய்ச்சித்தான் குடித்தார்கள். துணியில் வடிகட்டி, அடுப்பில் கரியை அள்ளிப் போட்டுக் காய்ச்சினார்கள். ஆனால் ஒரு வீட்டில் எத்தனை தண்ணீரைக் காய்ச்ச முடியும்? துணி அலச, பாத்திரம் கழுவ, கை கழுவ எல்லாம் அதே ஓடைதான். எஃபியின் மகள் ஷீனா கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் பாஸ்டனுக்கு வேலை தேடிப் போயிருந்தான். குழந்தை மோராக். உட்காரப் பழகி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் பார்த்துக் கை தட்டுகிற வயசு. அடுத்த வாரம் அதற்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அந்த வரிசையில் மட்டும் இன்னும் நாலைந்து வீடுகளில் அப்படித்தான்.

கம்பெனி டாக்டர் வாசலில் நின்றே பார்த்தார். "நல்ல தண்ணியா நிறையக் குடுங்கம்மா."

"எங்கேருந்து?" என்றாள் எஃபி.

டாக்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அன்று பிற்பகல் ஆண்கள் பம்பு வீட்டுக்குப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை, கூட்டம் போடவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் ஒவ்வொருத்தனாக இறங்கி நடந்தான். லாக்கி பிள்ளையின் தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டையைப் போட்டான். அவன் கோபக்காரன் அல்ல. எப்போதும் அடுப்பில் தேநீர்க் கெட்டில் கொதிக்க வேண்டும் என்பதால் ஊரில் அவனுக்குக் கெட்டில் லாக்கி என்று பெயர். நூறு மெக்நீல்கள் இருக்கிற ஊரில் பட்டப்பெயர் இல்லாமல் கதை நடக்காது.

"எங்க போற?" என்றாள் எஃபி.

"தண்ணி திறந்துவிட."

பம்பு கெடவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்றிருந்தது. நீராவியை ஏற்றி, வால்வைத் திறந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. எஃபி கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்பினாள்: வாளி, தொட்டி, கெட்டில், பூச்சாடி. ஓட்டத்தில் ஷீனாவின் மேல் இடித்துக்கொண்டாள். அதற்குள் மேட்டில் வெடிச்சத்தம் கேட்டது. குதிரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலைக்கு மேலே சுட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஒருவனுக்குத் தொடையில் பட்டது. தண்ணீர் மறுபடி நின்றது. லாக்கியையும் இன்னும் பலரையும் கயிற்றால் பிணைத்துப் பக்கத்துப் பட்டணமான சிட்னியின் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனிப் பம்பை உடைத்தார்கள், கலகம் செய்தார்கள் என்று வழக்கு.

மோராக் வெள்ளிக்கிழமை செத்தது. கடைசியில் அழக்கூட ஈரமில்லாமல் போயிற்று அந்தப் பிள்ளைக்கு. ஷீனா அதைக் கொடுக்கமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எஃபிதான் வாங்கிக் குளிப்பாட்டினாள். லாக்கி திறந்துவிட்ட தண்ணீரில் மிச்சமிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் முர்டோ வந்தான். தெருவில் கறுப்புக் கார் நின்றதும் கதவுகள் திறந்தன. யாரும் இறங்கி வரவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அக்காளைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுகை பொய்யில்லை. காரோட்டி பின்னாலிருந்து பால் கேன்களை இறக்கினான். நல்ல தண்ணீர்.

எஃபி தேநீர் போட்டு, ஓட்ஸ் ரொட்டியை அறுத்து வைத்தாள். வெண்ணெய் இல்லை. மேல்மாடியில் ஷீனா நடந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது.

"லாக்கி விஷயத்த நான் பேசிட்டேன் அக்கா" என்றான் முர்டோ. "அரசாங்க வக்கீல் நமக்குத் தெரிஞ்சவர்தான். லாக்கி குத்தத்த ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்டுருவாங்க. ஜெயில் கிடையாது."

"எந்தக் குத்தத்த?"

"கலகம் பண்ணுனது. பம்ப உடைச்சது."

"பம்ப அவன் உடைக்கல. ஓட வச்சான்."

"கம்பெனி எஞ்சினியர் சத்தியம் பண்ணிச் சொல்லுவாரு, பம்பு ஏற்கெனவே பழுது, இவங்க போயி மொத்தமா கெடுத்துட்டாங்கன்னு. எதுத்து நின்னா ரெண்டு வருஷம் உள்ள போடுவாங்க. நான் சொல்றதக் கேளு."

"குத்தத்த ஒத்துக்கிட்டவனுக்கு கம்பெனி வேலை குடுக்குமா? இந்த வீட்டக் குடுக்குமா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"யாரு பாப்பா? நீயா?"

முர்டோ முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அக்கா, நான் ஒண்ணுமே செய்யலன்னு நெனைக்காத. நான் மன்றாடிட்டேன் அவங்ககிட்ட. திங்கட்கிழமையே சொன்னேன், குழந்தைகுட்டி இருக்கிற ஊரு, தண்ணியில மட்டும் கை வைக்காதீங்க, ஒரு வாரமாவது பொறுங்கன்னு. மேஜையில அடிச்சுப் பேசினேன். கேக்கல."

எஃபி ரொட்டி அறுத்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தத் திங்கட்கிழம?"

அவன் வக்கீல்தான், தான் சொன்னது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

"தண்ணி நின்னது புதன்" என்றாள் எஃபி. "எந்தத் திங்கட்கிழமலே?"

"அக்கா…"

"உனக்குத் தெரியும்."

"மந்திரிசபைக் கூட்டத்துல கம்பெனிக்காரங்க வந்து சொன்னாங்க. அங்க பேசுறத வெளிய சொல்லக் கூடாது. பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். சட்டம் அது."

"ஒரு வார்த்த" என்றாள் எஃபி. குரல் ஏறவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "ஒரே ஒரு வார்த்த, முர்டோ. 'ரொப்பி வை'ன்னு ஒரு தந்தி. அடிக்கிறவனுக்குக்கூட அர்த்தம் புரியாது. தொட்டியில ரொப்பியிருப்பேன். பீப்பாயில ரொப்பியிருப்பேன். இந்தத் தெருவுல ஒவ்வொருத்தியும் ரொப்பியிருப்பா. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்? அது வயிறு என் உள்ளங்கையளவு."

"இவ்வளவு தூரம் போவும்னு நான் நெனைக்கல. ரெண்டு மூணு நாள்ல சமரசம் ஆயிரும்னுதான்…"

"நான் தந்தியடிச்சேன்லா? தம்பி தம்பின்னு தந்தியடிச்சேன். பொறுமைன்னு எழுதுன. எல்லாந் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எனக்குப் பொறுமைன்னு எழுதுன."

"நான் பதவியில இருந்தாத்தான் இவங்களுக்கு ஏதாவது…"

"ஏதாவது என்னலே? என்ன செஞ்ச?" இப்போது கத்தினாள். மேலே ஷீனாவின் நடை நின்றது. "உள்ள இருந்து நாலு காரியம் பண்ணுவேன்னு சொன்ன. ஒரு காரியம் சொல்லு. ஒண்ணு."

தேநீரில் ஆடை கட்டியது.

"கோர்ட்டுல வந்து சொல்லு" என்றாள். "பம்பு கெடல, வேணும்னுதான் நிறுத்துனாங்க, எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்னு கூண்டுல ஏறிச் சொல்லு."

"சொன்னா என் பதவி போயிரும். வக்கீல் தொழிலும் போனாலும் போவும். அதோட நான் முடிஞ்சேன்."

"எந்திரி" என்றாள் எஃபி. "அந்தத் தண்ணியயும் எடுத்துட்டுப் போ."

காரோட்டி கேன்களை மறுபடி ஏற்றுவதைத் தெருவே பார்த்தது. பெக்கிக்கு மனசு தாங்கவில்லை. "தண்ணி என்னட்டி பாவம் பண்ணிச்சு? எங்க வீட்டுலயாவது வச்சிட்டுப் போவச் சொல்லேன்." எஃபி கதவுப் பிடியில் கை வைத்தாள். பிறகு, "வச்சிட்டுப் போவச் சொல்லு. பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஊத்து. என் வாசல்ல வைக்காத" என்று உள்ளே போய்விட்டாள்.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தார் ஏற்பாடு செய்த வக்கீல் கோபெட்ஸ்கி, சிட்னியில் மளிகைக்கடைக்காரர் மகன், இளவயசு. மந்திரிக்குச் சம்மன் அனுப்பச் சொல்லி எஃபி அவர் மேஜை முன்னால் நின்றபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, அவர் வராமலே இருக்கலாம். வந்தாலும் பதில் சொல்ல மறுக்கச் சட்டத்துல வழி இருக்கு."

"மறுக்கட்டும். எல்லார் முன்னாலயும் நின்னு மறுக்கட்டும். அந்த மூஞ்சிய நான் பாக்கணும்."

"உங்க கூடப்பொறந்தவர்."

"அதனாலதான் கேக்குதேன்."

செப்டம்பரில் விசாரணை வந்தது. அதற்குள் ஹாலிஃபாக்ஸில் காற்று மாறியிருந்தது. அரசாங்கம் அடுத்த தேர்தலில் தேறாது என்று பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதிக்கொண்டிருந்தன. கோர்ட்டில் எஞ்சினியர் பைபிளைத் தொட்டுப் பம்பு பழுது என்றார். கம்பெனிப் போலீஸ்காரன் கூட்டம் தடிகளோடு வந்தது என்றான். கூண்டில் லாக்கி எலும்பும் தோலுமாக நின்றான். ஜூரியில் உட்கார்ந்திருந்த விவசாயிகளும் கடைக்காரர்களும் சுரங்கத்துக்காரர்களைக் கண்டு பயப்படுகிற முகத்தோடு இருந்தார்கள்.

முர்டோவைக் கூப்பிட்டார்கள். நல்ல கறுப்புக் கோட்டில் வந்தான்.

"கம்பெனி தண்ணீரை நிறுத்தப்போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?" என்று கோபெட்ஸ்கி கேட்டார்.

அரசாங்க வக்கீல் துள்ளியெழுந்தார். மந்திரிசபை ரகசியம் என்றார். நீதிபதியும் குனிந்து, "சாட்சி விரும்பாவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்று மெதுவாகச் சொன்னார். கதவைத் திறந்து வைத்துப் போகச் சொல்வதுபோல இருந்தது.

முர்டோ அக்காளைப் பார்க்கவில்லை. எஃபி கண்ணிமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் எங்கே பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஜூரி பக்கம் திரும்பினான்.

"தெரியும்" என்றான். "திங்கட்கிழமையே தெரியும். பம்பு பழுதாகவில்லை. ஊரை வழிக்குக் கொண்டுவரத் தண்ணீரை நிறுத்தப்போகிறோம் என்று கம்பெனி எங்களிடம் சொன்னது. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இன்று காலையில் என் பதவியை ராஜினாமா செய்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்."

கோர்ட்டில் அப்படியொரு இரைச்சலை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. எஞ்சினியர் பின்கதவு வழியாகப் போய்விட்டார். ஜூரி வெளியே போன வேகத்தில் திரும்பி வந்து எல்லாரையும் விடுதலை செய்தது. லாக்கி கூண்டிலிருந்து இறங்கி நேரே முர்டோவிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எஃபி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

அதன்பிறகு கார்மிக் ஹெட்டில் வேறு பேச்சே இல்லை. உண்மை பேசிய மனிதர் என்று பத்திரிகைகள் படம் போட்டன. மந்திரிப் பதவியைத் தூக்கியெறிந்தவர் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அரசாங்கம் கலைந்து தேர்தல் வந்ததும் சங்கத்தார் தாங்களாகவே போய் முர்டோவைச் சுயேச்சையாக நிற்கச் சொன்னார்கள். எதிரே கம்பெனி மேனேஜரின் மைத்துனன் நின்றான்.

வீட்டில் லாக்கிக்கும் எஃபிக்கும் இதே பேச்சு. அடுப்பின் முன்னால், சாப்பிடும்போது, உருளைக்கிழங்கு தோண்டும்போது.

"அவன் சொல்லலன்னா நான் இன்னும் உள்ள கிடப்பேன்" என்பான் லாக்கி.

"தெரியும்."

"பின்ன என்ன உனக்கு?"

"முன்னாலயே சொல்லியிருந்தா நீ உள்ளயே போயிருக்க மாட்ட. மோராக் இப்ப நடந்திருக்கும்."

"மனுசன் தப்பு பண்ணுவான். திருந்திட்டான்லா?"

"திருந்துனானா, கப்பல் முழுகுதுன்னு குதிச்சானா? எனக்குத் தெரியல லாக்கி. நீ கண்டியா? அவனுக்காவது தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்தான்."

"உன் மனசு கல்லு."

"இருந்துட்டுப் போவுது."

ஷீனா இதில் எதுவும் பேசமாட்டாள். ஒருநாள் தன் துணிகளை மடித்து வைத்தாள். புருஷனிடம் பாஸ்டனுக்குப் போனாள். போகும்போது, "மாமா கேட்டா நான் போயிட்டேன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் ஊர்வலம் வந்தது. சுரங்க விளக்குகளைக் கம்பில் கட்டி, பேக்பைப் என்னும் பைக்குழல் முழங்க, மழைத்தூறலில் வந்தார்கள். முர்டோவை நாலு பேர் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் லாக்கி. முர்டோவின் அக்காள் வீட்டு வாசலில் ஊர்வலம் நிற்க வேண்டும் என்று யாரோ முன்பே பேசி வைத்திருந்தார்கள். நின்றது. எஃபி மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள். வாத்தியம் ஓய்ந்தது. எல்லாரும் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தார்கள்.

"லாக்கி" என்றாள். "அவன இறக்கு."

"என்ன எஃபி, எல்லாரும் பாக்காங்க…"

"இறக்கிவிடுன்னு சொல்லுதேன்."

லாக்கி மற்ற மூவரையும் பார்த்தான். மெல்லக் குனிந்தார்கள். முர்டோ சேற்றில் கால்வைத்து இறங்கினான். தொப்பி கையிலிருந்தது, தலை நனைந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்றான். "இந்தத் தடவ முதல் சட்டமே தண்ணிக்குத்தான். எந்தக் கம்பெனியும் எந்த ஊருக்கும் நிறுத்த முடியாதபடி. எழுதி வச்சிட்டேன்."

"கொண்டு வா. கொண்டுவரலன்னா ஹாலிஃபாக்ஸுக்கே வந்து கேப்பேன்."

"எனக்கு ஓட்டுப் போடுவியா?"

எஃபி கையிலிருந்த மாவை உருட்டி உதிர்த்தாள்.

"போடுவேன்" என்றாள். "பின்ன மேனேஜர் மைத்துனனுக்கா போடுவேன்? நாளைக்கும் போடுவேன், அடுத்த தடவ நீ நின்னாலும் போடுவேன். ஆனா என் வீட்டுப் படிய நீ மிதிக்கக் கூடாது. நான் செத்தாலும் வெளியவே நில்லு."

முர்டோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு திரும்பி நடந்தான். யாரும் அவனை மறுபடி தூக்கவில்லை. வாத்தியக்காரர்கள் பைக்குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். லாக்கி மட்டும் தெருவில் தனியாக நின்றுகொண்டிருந்தான், வீட்டையும் ஊர்வலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

"உள்ள வா" என்றாள் எஃபி. "நனையாத. டீ போட்டிருக்கேன்."